நாற்பது இல்லத்தரசிகளும் நானும்

நான் ஒரே ராத்திரியில் நாற்பது இல்லத்தரசிகளாக இருந்திருக்கிறேன்.

பதறாதீர்கள். மாறுவேடம் எல்லாம் கிடையாது. லுங்கி, பனியன், கையில் பேனா. அவ்வளவுதான்.

வருஷம் 2011. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன், மூன்றாவது மாடி. பத்துக்கு எட்டு ரூம், கட்டில் இரண்டு, ஆள் மூன்று. (இரண்டு கட்டிலுக்கும் நடுவில் பாய் விரித்துப் படுத்தவன் அடியேன்.) ரூம் மேட்களில் ஒருவன் எம்.காம்., எம்.ஃபில். முடித்துவிட்டு பி.எச்.டி.க்குப் பதிவு செய்திருந்தான். மார்க்கெட்டிங்கில் ஆராய்ச்சி. தலைப்பு, துணி துவைக்கும் பவுடர் வாங்குவதில் இல்லத்தரசிகளின் மனப்போக்கு, இன்ன மாவட்டத்தைச் சிறப்பாகக் கொண்டு. அந்த ‘சிறப்பாகக் கொண்டு’ இல்லாத தலைப்பை அந்தப் பக்கம் யாரும் ஏற்றுக்கொள்வதாகத் தெரியவில்லை.

400 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்க வேண்டும். 360 தேறிவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு கைடைப் பார்க்க வேண்டும். மிச்சம் நாற்பது.

“மச்சி, நாலு கலர்ல பேனா வாங்கிட்டு வந்திருக்கேன். கையெழுத்தை மட்டும் மாத்தி மாத்திப் போடு. முட்டை பரோட்டா என் செலவு.”

முட்டை பரோட்டாவுக்காக மனிதன் எதையும் செய்யக்கூடிய வயசு அது. உட்கார்ந்தேன். முதல் பத்து பேருக்கு வயது 25-லிருந்து 35. பதினோராவது ஆளின் கணவர் அரசு ஊழியர். பதினேழாவது ஆள் மாமியாரோடு கூட்டுக் குடும்பம். ‘பவுடரில் நுரை அதிகம் வர வேண்டும்’ - மிகவும் ஒப்புக்கொள்கிறேன். ‘விளம்பரத்தைப் பார்த்து வாங்குகிறேன்’ - ஒப்புக்கொள்கிறேன். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால் சந்தேகம் வருமே என்று, இருபத்து மூன்றாவது பெண்மணிக்கு மட்டும் வாசனை பிடிக்காமல் செய்தேன். கைக்குழந்தைக்காரி, பாவம்.

விடியற்காலை மூன்று மணிக்கு நாற்பதாவது இல்லத்தரசி கையெழுத்துப் போட்டபோது என் பனியன் எந்தப் பவுடரில் துவைத்தது என்று கேட்கிறீர்களா? துவைத்தால்தானே!

2014-ல் அவன் டாக்டர் ஆனான். இப்போது ஈரோடு பக்கம் ஒரு கல்லூரியில் வணிகவியல் துறையில் இருக்கிறான். அவனுக்குக் கீழேயே நாலு பேர் ஆராய்ச்சி செய்கிறார்கள்.

நிற்க. இந்தப் பழைய கதையை இப்போது கிளறுவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, எங்கள் அபார்ட்மென்ட்டில் இருக்கும் ஒரு பையன். இன்னொன்று, போன மாதம் அந்த ஈரோடு நண்பனிடமிருந்து ராத்திரி பதினோரு மணிக்கு வந்த போன். முதலில் பையன்.

பையனுக்கு இருபத்தேழு வயசு. எம்.பி.ஏ. பிஸ்கட் கம்பெனியில் சேல்ஸ் ஆபீஸர். காலை எட்டு மணிக்கு பைக்கில் கிளம்பினால் கடை கடையாக ஆர்டர், ராத்திரி பத்து மணிக்கு ‘இன்றைய டார்கெட் என்னாச்சு?’ என்று மேனேஜரின் வாட்ஸ்-அப். ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணா, பேசாம மார்க்கெட்டிங்லயே பி.எச்.டி. பண்ணிட்டு காலேஜ்ல போய் உட்கார்ந்துடலாம்னு பார்க்கறேன். அஞ்சு வருஷம் ஃபீல்டுல இருந்திருக்கேன். எனக்குத் தெரியாத மார்க்கெட்டிங்கா? மே மாசம் லீவு வேற.”

இந்த ‘எனக்குத் தெரியாததா’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பி.எச்.டி. என்றால் எம்.பி.ஏ.வுக்கு மேலே இன்னொரு மாடி என்று நம்மில் முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. எம்.பி.ஏ. படித்தவனிடம் கம்பெனி கேட்பது, ‘இந்த பிஸ்கட்டை எப்படி அதிகம் விற்பது?’ ஆராய்ச்சிக்காரன் தன்னையே கேட்டுக்கொள்வது, ‘பிஸ்கட் வாங்கத்தானே கடைக்கு வந்தான், ஏன் வாங்காமல் போனான்?’ முதல் கேள்விக்கு மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். இரண்டாவதற்கு அஞ்சு வருஷம் ஆகலாம். பதிலே வராமலும் போகலாம்.

ஓர் உதாரணம். ஷீனா ஐயங்கார் என்று ஒருவர். இப்போது கொலம்பியா பிசினஸ் ஸ்கூலில் பேராசிரியர். ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, கலிஃபோர்னியாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மேஜை போட்டு ஜாம் ருசி பார்க்க வைத்தார். சில மணி நேரம் 24 வகை ஜாம். சில மணி நேரம் 6 வகை மட்டும். 24 வகை இருந்தபோது கடந்து போனவர்களில் 60 சதவிகிதம் பேர் நின்று பார்த்தார்கள். 6 வகைக்கு 40 சதவிகிதம்தான். ஆனால் வாங்கியது? 24 வகை பார்த்தவர்களில் 3 சதவிகிதம். 6 வகை பார்த்தவர்களில் 30 சதவிகிதம்! அதிகம் காட்டினால் கூட்டம் சேரும், கல்லா சேராது.

மார்க் லெப்பர் என்ற பேராசிரியரோடு சேர்ந்து 2000-ல் இதைக் கட்டுரையாக எழுதினார். உலகம் பூராவும் மேனேஜர்கள் இதைச் சொல்லிச் சொல்லியே சம்பள உயர்வு வாங்கினார்கள். இதோடு முடிந்தால் அது எம்.பி.ஏ. கதை. பி.எச்.டி. கதை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. 2010-ல் மூன்று ஆராய்ச்சியாளர்கள், அதுவரை இதே விஷயத்தில் நடந்த 50 பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். சராசரி விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம். சில இடத்தில் அதிக வகை குழப்புகிறது, சில இடத்தில் உதவுகிறது, மொத்தத்தில் ஒன்றுக்கொன்று சரியாகப் போச்சு! அப்படியானால் எப்போது குழப்புகிறது, யாரைக் குழப்புகிறது என்று அடுத்த கோஷ்டி கிளம்பியது. 2015-ல் அதற்கும் ஒரு பெரிய கட்டுரை வந்துவிட்டது.

“அப்ப ஜாம் கதை தப்பா அண்ணா?” என்றான் பையன்.

தப்பில்லை. அந்தக் கடையில், அன்றைக்கு, அதுதான் நடந்தது. ‘அப்படியா, எங்கே மறுபடி பார்ப்போம்’ என்று பத்து வருஷம் கழித்து இன்னொருவன் கிளம்புகிறான் பாருங்கள், அந்த வேலைக்குப் பெயர்தான் ஆராய்ச்சி. டார்கெட் மீட்டிங்கில் எழுந்து நின்று ‘ஸார், நான் போன வருஷம் சொன்னது தப்பா இருக்கலாம்’ என்று சொல்ல முடியுமா? இந்த உத்தியோகத்தில் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும்.

எம்.பி.ஏ.க்காரர்கள் தலையணையாக வைத்துத் தூங்கும் ‘மார்க்கெட்டிங் மேனேஜ்மென்ட்’ புத்தகத்தை எழுதிய ஃபிலிப் காட்லர், மார்க்கெட்டிங்கில் பி.எச்.டி. வாங்கியவர் அல்ல. 1956-ல் எம்.ஐ.டி.யில் பொருளாதாரத்தில் வாங்கினார். புத்தகம் வந்தது 1967-ல். ஐ.ஐ.டி. மெட்ராஸில் மெக்கானிக்கல் படித்தவர் வி.ஸ்ரீனிவாசன். அமெரிக்காவில் கார்னகி மெலனில் டாக்டர் பட்டம் வாங்கி, ஸ்டான்ஃபோர்டில் மார்க்கெட்டிங் பேராசிரியராகப் பல வருஷம் இருந்தார். இதையெல்லாம் கேட்டு பி.காம். ஆசாமிகள் சோர்ந்துபோக வேண்டாம். நம் கட்சியிலும் ஆள் உண்டு. ஜக்தீஷ் ஷேத். 1938-ல் ரங்கூனில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். அங்கிருந்து பிட்ஸ்பர்க் போய் எம்.பி.ஏ., பி.எச்.டி. வாங்குவோர் நடத்தை பற்றி ஜான் ஹோவர்டோடு சேர்ந்து 1969-ல் அவர் எழுதிய புத்தகத்தைத் தொடாமல் அந்தப் பாடத்தை நடத்த முடியாது. 2020-ல் பத்மபூஷண்.

மெக்கானிக்கல்காரருக்கு மார்க்கெட்டிங்கில் என்ன வேலை என்பது நியாயமான கேள்வி. அவருடைய பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘கான்ஜாயின்ட் அனாலிசிஸ்’ என்ற சமாசாரத்தை மெஸ் சாப்பாட்டை வைத்துச் சொல்லிவிடலாம்.

‘மெஸ்ஸில் உங்களுக்கு விலை முக்கியமா?’ ஆமாம். ‘ருசி?’ ஆமாம். ‘பக்கத்தில் இருக்க வேண்டுமா?’ ஆமாம். ‘அப்பளம்?’ ஆமாம் ஸார், அப்பளம் இல்லாமலா! எல்லாமே முக்கியம். இப்படிக் கேட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. மாற்றிக் கேளுங்கள். மெஸ் ‘அ’: சாப்பாடு 80 ரூபாய், அப்பளம் கிடையாது, பக்கத்துத் தெரு. மெஸ் ‘ஆ’: 95 ரூபாய், இரண்டு அப்பளம், பத்து நிமிஷம் நடக்க வேண்டும். எது? இப்படி ஒரு பத்துப் பதினைந்து ஜோடியைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நீங்கள் வாயால் சொல்லாத ஒன்று கணக்கில் வந்து விழும். உங்களுக்கு ஓர் அப்பளம் எத்தனை ரூபாய் பெறும், அதற்காக எத்தனை நிமிஷம் நடப்பீர்கள் என்று. 1971-ல் பால் கிரீனும் விட்டலா ராவும் இதை மார்க்கெட்டிங்குக்குக் கொண்டுவந்தார்கள். 1978-ல் கிரீனும் ஸ்ரீனிவாசனும் சேர்ந்து எழுதிய கட்டுரையை இன்றைக்கும் படிக்கிறார்கள். ‘கோர்ட்யார்ட் பை மேரியட்’ என்ற ஹோட்டல் வரிசையையே, ரூம் எவ்வளவு பெரிது, நீச்சல் குளம் வேண்டுமா என்பதுவரை, இந்தக் கணக்கை வைத்துத்தான் வடிவமைத்தார்கள்.

மார்க்கெட்டிங் என்றால் பேச்சு சாமர்த்தியம் என்று நினைத்து உள்ளே போகிறவர்கள் முதல் வருஷமே திணறுவது இதனால்தான். அமெரிக்காவில் முதல் இரண்டு வருஷம் பாடமே: பொருளாதாரம், புள்ளியியல், உளவியல். அதற்கு ஒரு பெரிய பரீட்சை. தேறினால் ஆய்வேடு. மொத்தம் அஞ்சு வருஷம். ஒரு துறைக்கு வருஷத்துக்கு மூன்று நாலு பேரைத்தான் எடுப்பார்கள். எடுத்துவிட்டால் ஃபீஸ் கிடையாது. கைச்செலவுக்கு அவர்களே பணம் தருவார்கள். பெற்றவர்கள் நிலத்தை விற்க வேண்டியதில்லை. முடித்து நல்ல இடத்தில் வேலை கிடைத்தால் சம்பளம் வருஷத்துக்கு லட்சம் டாலருக்கு மேல். ஆனால் ஆறேழு வருஷத்துக்குள் பெரிய பத்திரிகைகளில் கட்டுரை வர வேண்டும். 1936-லிருந்து வரும் ‘ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்’ மாதிரி நாலு இருக்கின்றன. அனுப்பியவன் யாரென்று தெரியாமல் முகமறியாத மூன்று பேர் படித்துக் கிழிப்பார்கள். திருப்பித் திருப்பி எழுதி ஒரு கட்டுரை அச்சாக மூன்று நாலு வருஷம்கூட ஆகும். போதிய கட்டுரை இல்லையென்றால், கைகுலுக்கி, ‘வேறு இடம் பாருங்கள்’.

நம் ஊர்க் கதை வேறு. ஐ.ஐ.எம்.களில் ஒரு வாசல். ஆமதாபாத்தில் 1971-லிருந்தே ‘ஃபெலோ புரோகிராம்’ இருக்கிறது. புதுச் சட்டம் வந்து 2018-லிருந்துதான் அவர்கள் பி.எச்.டி. என்ற பெயரிலேயே பட்டம் கொடுக்க முடிகிறது. எம்.பி.ஏ.தான் வேண்டும் என்றில்லை, பி.காம். முடித்து சி.ஏ. தேறியவர்களும் விண்ணப்பிக்கலாம். கேட் மாதிரி ஒரு நுழைவுத் தேர்வு மதிப்பெண் வேண்டும். அங்கேயும் மாதா மாதம் உதவித் தொகை உண்டு.

இன்னொரு வாசல், யு.ஜி.சி. நெட். முதுகலையில் 55 சதவிகிதம் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50), மூன்று மணி நேரம், 150 கேள்வி, தப்புக்கு மைனஸ் கிடையாது. நல்ல ரேங்க்கில் தேறினால் ஜே.ஆர்.எஃப்.: 2023-ல் உயர்த்திய கணக்குப்படி முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. ஆனால் வயசு முப்பதைத் தாண்டக்கூடாது. பெண்களுக்கும், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அஞ்சு வருஷம் சலுகை. நான் அப்ளிகேஷனைக் கையில் எடுத்தபோது சலுகையும் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ‘பரவாயில்லை, வாத்தியார் வேலைக்கான நெட்டுக்கு வயசு வரம்பு இல்லையாம்’ என்று வீட்டில் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலை வைத்துத்தான் எழுத வந்தேன். அந்தக் கதை வேண்டாம்.

மூன்றாவது வாசலில்தான் கூட்டம். வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரம். 2022 விதிகளின்படி குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. அதற்கு மேல் மறுபதிவு. பேராசிரியர் ஒருவர் எட்டு பேர்வரை வைத்துக்கொள்ளலாம், உதவிப் பேராசிரியர் நாலு பேர். (எம்.ஃபில். என்பதே அந்த விதிகளோடு ஒழிந்தது. என் நண்பன் சுவரில் மாட்டியிருக்கும் சர்டிஃபிகேட் இப்போது புராதனச் சின்னம்.) உதவித் தொகை கிடையாது. பகலில் வேலை, ராத்திரி ஆய்வேடு, நடுவில் கல்யாணம், குழந்தை, மாமனாருக்கு ஆபரேஷன்.

இத்தனையும் எதற்கு? அரசு, அரசு உதவி பெறும் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் என்றால் ஏழாவது சம்பளக் கமிஷன்படி அடிப்படைச் சம்பளம் 57,700-ல் ஆரம்பம். அந்த நாற்காலிகள் கம்மி. மற்ற இடங்களில் என்ன தருகிறார்கள் என்பதை, தனியார் கல்லூரியில் வேலை பார்க்கும் உங்கள் ஒன்றுவிட்ட அக்காவிடம் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். அதில் கட்டுரை வேறு எழுத வேண்டும். காசு கட்டினால் ஒரே வாரத்தில் அச்சடித்துத் தரும் பத்திரிகைகள் முளைத்ததே அதனால்தான். அவற்றை ஒழிக்க யு.ஜி.சி. ஓர் அங்கீகாரப் பட்டியல் போட்டது. 2025-ல் அந்தப் பட்டியலையே கைவிட்டது.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “மே மாசம் லீவாவது உண்டா அண்ணா?” என்றான் கடைசியில். பேப்பர் திருத்தும் முகாம் எந்த மாதம் நடக்கும் என்று நான் சொல்லவில்லை.

*

இனி அந்த போன்.

“மச்சி, தூங்கிட்டியா?” - ஈரோட்டிலிருந்து நண்பன். குரல் சரியில்லை.

அவனிடம் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண். பகுதி நேரம். பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. இரண்டு வயசுக் குழந்தை. அஞ்சாவது வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறது. சோப்பு, பவுடர் விஷயத்திலேயே ஆய்வு. (தலைப்புக்குக்கூட வம்சாவளி உண்டு.) 450 கேள்வித்தாளைக் கட்டிக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்திருக்கிறாள். இவன் புரட்டியிருக்கிறான். கடைசி அறுபதில் கை நின்றுவிட்டது.

“நாலு கலர் பேனாடா” என்றான்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது.

“நீ என்ன சொன்னே?”

“என்னத்தைச் சொல்ல? எந்த வாயால சொல்ல? ‘வெச்சுட்டுப் போம்மா, பார்க்கறேன்’னேன்.”

அவன் யோசனையில் ஓடியது எனக்கும் தெரிந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கருத்துத் திருட்டைப் பிடிக்க சாஃப்ட்வேர் உண்டு. பத்து சதவிகிதத்துக்கு மேல் ஒத்துப்போனால் பிரச்னை என்று 2018-லிருந்து விதியே இருக்கிறது. ஆனால் ராத்திரி பரோட்டாவைப் பிடிக்க சாஃப்ட்வேர் கிடையாது. அந்தப் பெண்ணுக்கு டாக்டர் பட்டம் வந்தால் கல்லூரி வேலைக்கு மனுப் போடலாம். இல்லையென்றால் இன்னொரு வருஷம் ஃபீஸ், இன்னொரு வருஷம் வீட்டில் பேச்சு.

மேலே இருக்கிறவர்கள் ஒழுங்கா என்று பார்த்தால், அங்கேயும் நடந்திருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிரையன் வான்சிங்க் என்று உலகப் புகழ் பெற்ற மார்க்கெட்டிங் பேராசிரியர். தட்டு பெரிதானால் சாப்பாடும் அதிகம் போகும், அது இது என்று அவர் சொல்லாத டி.வி. கிடையாது. 2016-ல் அவரே பெருமையாக ஒரு கட்டுரை எழுதினார். பீட்ஸா பஃபே ஒன்றில் எடுத்த விவரங்களில் நினைத்தது எதுவும் வரவில்லையாம். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஓர் ஆராய்ச்சி மாணவியிடம் கொடுத்து, உள்ளே ஏதாவது தேறுமா தோண்டிப் பார் என்றாராம். அந்தப் பெண்ணும் அசராமல் தோண்டி, அடுத்தடுத்துக் கட்டுரைகள் வந்தனவாம். சுறுசுறுப்புக்கு உதாரணமாக அவர் சொன்னதை, படித்தவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். கணக்குகளைக் கிளறினார்கள். எண்கள் உதைத்தன. 2018 செப்டம்பரில் ஒரே நாளில் ஆறு கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. விதிமீறல் என்று பல்கலைக்கழகம் முடிவு செய்தது. வேண்டுமென்றே எதையும் செய்யவில்லை என்றார் அவர். 2019-ல் வெளியேறினார். அதற்கு முன்பே, 2012-ல், ராட்டர்டாமில் டிர்க் ஸ்மீஸ்டர்ஸ் என்ற பேராசிரியரும் இப்படித்தான் எண்கள் நம்பும்படி இல்லை என்று பதவி விலக நேர்ந்தது.

இதையெல்லாம் போனில் அவனுக்குச் சொன்னேன். “அவங்களை விடு” என்றான். “உன் நாற்பதைச் சொல்லு.”

நம் நாட்டு ஆய்வேடுகளை ‘ஷோத்கங்கா’ என்ற பொதுக் களஞ்சியத்தில் போட்டு வைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். போனை வைத்ததும் அன்றைக்கே அவனுடைய ஆய்வேட்டைத் தேடி எடுத்தேன். நாலாவது அத்தியாயம், நுரை பற்றிய அட்டவணை. 400 பேரில் நாற்பது என்றால் பத்து சதவிகிதம். அந்தப் பத்து சதவிகிதம் நான். ‘எனவே இல்லத்தரசிகள் நுரையை விரும்புகிறார்கள் என்பது தெளிவாகிறது’ என்று கீழே எழுதியிருந்தது.

இரண்டு நாள் கழித்து அவன் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறான். திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு, மேன்ஷன் கதையைச் சொல்லியிருக்கிறான். துறையில் பத்து வருஷமாக ‘டாக்டர் சார்’ என்று கூப்பிடும் மாணவியிடம் அதைச் சொல்ல அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை.

அவள் அழுதாளாம். “சாயங்காலம் அஞ்சரைக்கு மேலதான் சார் எனக்கு நேரம். இருட்டினப்புறம் எந்த வீட்டுல கதவைத் தட்டறது?”

சனிக்கிழமை அவனும் கூடப் போனான். அவன் மனைவி, அந்தப் பெண்ணின் குழந்தையைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். அறுபது வெற்றுக் கேள்வித்தாள், ஒரே ஒரு பேனா.

முதல் வீட்டில் ஒரு பாட்டி.

“எந்தப் பவுடருங்க வாங்கறீங்க?”

“பேரெல்லாம் எனக்கென்ன கண்ணு தெரியும்? கடைக்காரத் தம்பி எதைக் குடுத்து உடறானோ அதுதான்.”

கேள்வித்தாளில் அதற்குக் கட்டமே இல்லை! விளம்பரம், விலை, நுரை, வாசனை, தோழிகளின் சிபாரிசு எல்லாம் இருக்கிறது. கடைக்காரத் தம்பி இல்லை. ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டில் ஆண் ஒருவர் வந்தார். வீட்டம்மா இல்லையா என்றதற்கு, “அது கம்பெனிக்குப் போயிருக்குதுங்க. துணி நாந்தாங்க தொவைக்கறது, எங்கிட்டயே கேளுங்க” என்றாராம். ‘இல்லத்தரசியின் பெயர்’ என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று இரண்டு பேரும் விழித்திருக்கிறார்கள். ஏழாவது வீட்டில் மாதக் கடைசி வாரம் மட்டும் பவுடரை விட்டுவிட்டுச் சோப்புக் கட்டிக்கு மாறிவிடுவார்களாம்.

அன்றைக்குப் பதினோரு வீடுதான் முடிந்தது. ராத்திரி போன் செய்தான். இந்தத் தடவை குரலே வேறு.

“நாம அன்னிக்கு நாற்பது பேரை எழுதினோமே மச்சி. அதுல ஒருத்தியாவது நமக்குத் தெரியாததைச் சொன்னாளா?”

யோசித்துப் பார்த்தேன். இல்லை. இருபத்து மூன்றாவது கைக்குழந்தைக்காரி உட்பட.

அவன் ஆய்வேடு என்னாகும்? தெரியவில்லை. பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன் என்றான். மறுபடி எழுதுவானா என்பதும் தெரியவில்லை. எழுதினால் என் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு வருஷம் கூடுதலாகும். கேள்வித்தாளையே மாற்றிக்கொண்டிருக்கிறாள். கடைக்காரர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும் என்கிறாளாம். அவள் கணவர், “மறுபடி முதல்லேர்ந்தா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமை பைக்கில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

எங்கள் அபார்ட்மென்ட் பையனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவன் பி.எச்.டி. பற்றி ஒன்றும் பேசவில்லை. “அண்ணா, கடைக்காரர் ஒரு பிஸ்கட்டை முன்னாடி எடுத்து வெச்சு, இன்னொண்ணைப் பின்னாடி தள்ளறாரே... அது மார்ஜினுக்காக மட்டும் இல்ல. சில கடையில மார்ஜின் கம்மியா இருக்கறதைத்தான் முன்னாடி வெக்கறாங்க. ஏன்னே தெரியல” என்றான். அஞ்சு வருஷமாக கடை கடையாக ஏறி இறங்கியவன், முதல் தடவையாக டார்கெட் இல்லாத ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசினான். ஈரோடு நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் நண்பனிடமிருந்து எனக்கு ஒரு தபால். உள்ளே புதுக் கேள்வித்தாள் ஒன்றே ஒன்று. மேலே பென்சிலில், ‘சோதனைப் பிரதி. கணக்கில் சேராது. உண்மையாக நிரப்பவும். பரோட்டா கிடையாது.’

உட்கார்ந்தேன். பெயர், வயது, வேலை எல்லாம் சுலபமாகப் போயிற்று. கேள்வி 7: ‘உங்கள் வீட்டில் கடைசியாக வாங்கிய பவுடர் எது? ஏன் அதை வாங்கினீர்கள்?’

எவ்வளவு யோசித்தும் பாக்கெட்டின் நிறம்கூட ஞாபகம் வரவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தேன்.

“கடையில என்ன இருந்துச்சோ அது. ஏன், நீங்க துவைக்கப் போறீங்களா?” என்றாள் மனைவி.

கேள்வி 8: ‘உங்கள் வீட்டில் துணி துவைப்பவர் யார்?’